வெயில் ஊரில் வீட்டுக் கணினியை ஆய்வுக்குக் கொடுப்பது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2010 ஆகஸ்டில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் புதிய பல்சார் ஒன்றைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கி திரட்டிய தரவுக் குவியலுக்குள் கிடந்த அந்த விண்மீனைக் கண்டெடுத்தவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொருவரின் கணினியும். ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்குத் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தை அவர்கள் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் வீட்டில் இருக்கும் கணினியும் இதே வேலையைச் செய்யலாம். போயிங்க் மென்பொருளை இறக்கி ஒரு திட்டத்தில் சேர்ந்தால் போதும். அறிவியல் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எந்தச் செயலி வாங்குவது என்று தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொண்டவை. அயோவாவில் சனவரி மாதம் கணினி கக்கும் வெப்பம் வீட்டைச் சூடாக்க உதவும். இங்கே பிற்பகல் 33 பாகையில் அதே வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு முறை காசு கொடுக்கிறோம். அந்த ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டு வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே கணினியை அணைத்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

“பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான் இழுக்கும்.”

அந்த எண் எவ்வளவு குளிர்விப்பு தேவை என்பதற்கு நிறுவனம் தரும் வழிகாட்டி. மின் மீட்டரில் ஏறுவது வேறு. ஏஎம்டியின் ரைசன் 9 7900 செயலியின் பெட்டியில் 65 வாட் என்றிருக்கும். எல்லாக் கருக்களும் முழு மூச்சில் ஓடும்போது அது 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 170 வாட் என்று விற்கப்படும் 7950எக்ஸ் 230 வாட் வரை போகும். இன்டெல் கோர் ஐ9 13900கே 125 வாட் செயலி. அதன் உச்சம் 253. விளையாட்டுக்கோ அலுவலக வேலைக்கோ வாங்குபவர் அந்த உச்சத்தை எப்போதாவதுதான் தொடுவார். ஆய்வுத் திட்டத்தில் சேர்பவருக்கு அதுவே இருபத்து நான்கு மணி நேர நிலை. இதற்கு மேல் தாய்ப்பலகை, நினைவகம், விசிறிகள், மின்வழங்கியில் வெப்பமாகப் போகும் பங்கு எல்லாம் இருக்கின்றன. சாக்கெட்டுக்கும் கணினிக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் ஒன்றை முதலில் வாங்குங்கள். அது காட்டும் எண்தான் கணக்கு.

“பில்லைப் பார்த்தால் யூனிட்டுக்கு 22 சென்தான் வருகிறது. பெரிய செலவில்லை.”

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2025 சூலை முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் மின்கட்டண முறை மாறியது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சாரத்துக்கு 27.03 சென், கொள்திறனுக்கு 4.55, கம்பி வலையமைப்புக்கு 12.85, ஆக யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்துவோருக்கு இதிலிருந்து சிக்கனத் தள்ளுபடி உண்டு. பயன்பாடு ஏற ஏறத் தள்ளுபடி படிப்படியாக இறங்கும். 251 முதல் 300 வரை யூனிட்டுக்கு 22.5 சென், 301 முதல் 350 வரை 21 சென், 351 முதல் 400 வரை 17 சென், 451ஐத் தொட்டால் 12 சென். கவனிக்க வேண்டியது: அடுத்த படிக்குப் போனால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டும் தள்ளுபடி குறைவதில்லை, அந்த மாதத்தின் எல்லா யூனிட்டுகளுக்கும் குறைகிறது.

மாதம் 280 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். பில் ஏறத்தாழ 61 ரிங்கிட் 40 சென். வகுத்தால் 22 சென் வரும். சுவரில் 100 வாட் இழுக்கும் கணினியை மாதம் முழுவதும் ஓட்டினால் 72 யூனிட். 22 சென்னால் பெருக்கி, பதினாறு ரிங்கிட் என்று மனக்கணக்குப் போடுவோம். ஆனால் மொத்தம் 352 யூனிட்டாகி, பில் 96 ரிங்கிட் 55 சென் வருகிறது. கூடியது 35 ரிங்கிட். கணினி உண்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட 49 சென் கொடுத்திருக்கிறோம். 300ஐத் தாண்டியதால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடும் சேரும்.

அதே வீட்டில் 352க்குப் பதில் 350இல் நின்றிருந்தால் பில் 82 ரிங்கிட். இரண்டு யூனிட்டில் பதினான்கு ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். இரண்டு யூனிட் என்பது அந்தக் கணினியை மாதத்தில் இருபது மணி நேரம் நிறுத்தி வைப்பது. இல்லையென்றால் 100 வாட்டை 97 ஆக்குவது. மாதக் கடைசி வாரத்தில் மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் கைப்பேசிச் செயலியைத் திறந்து எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது என்று பார்ப்பவருக்குக் கிடைக்கும் பலன் இது. 600ஐத் தாண்டிய வீட்டுக்குச் சில்லறைக் கட்டணம் பத்து ரிங்கிட், சேவை வரி, எரிபொருள் விலைச் சரிக்கட்டல் எல்லாம் வந்து சேரும். ஏற்கனவே ஏர்கோன் ஓடும் வீடு அந்தக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“பழைய சர்வர் மலிவாகக் கிடைக்கிறது, பதினாறு கரு இருக்கிறது.”

2012இல் வந்த சியோன் இ5-2670 செயலிகள் இரண்டு பொருத்திய இயந்திரத்தை மலிவு விலைக்கு வாங்கலாம். ஒவ்வொரு செயலியும் 115 வாட். முழு வேலையில் சுவரில் 300 வாட் அளவுக்குப் போவது சாதாரணம். அது மாதம் 216 யூனிட். புதிய 12 கரு ரைசன் 9 7900 பொருத்திய கணினியைச் சுமார் 130 வாட்டில் ஓட்டலாம்; மாதம் 94 யூனிட். மேலே சொன்ன 280 யூனிட் வீட்டில் பழையது பில்லை 161 ரிங்கிட் அருகே கொண்டுபோகும், புதியது 103 ரிங்கிட்டில் நிறுத்தும். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 ரிங்கிட் வேறுபாடு. அந்தப் பழைய சில்லில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் கிடையாது. அவற்றைப் பயன்படுத்தும் திட்டங்களில் அது இன்னும் பின்தங்கும். வாங்கும் விலை ஒருமுறை, மின்கட்டணம் மாதாமாதம். எந்தச் செயலியையும் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வேலை முடிக்கிறது என்று கேட்டு எடை போடுங்கள்.

“உச்ச வேகத்தில் ஓட்டினால்தான் பயன்.”

சில்லு இழுக்கும் மின்சாரம் கடிகார வேகத்தோடு ஏறும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸைப் பெற மின்னழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும் என்பதால் அந்தக் கொஞ்ச வேகத்துக்குத்தான் ஆக அதிகமான வாட் செலவாகிறது. 7950எக்ஸை பயோசில் ஈக்கோ நிலைக்கு மாற்றி 88 வாட்டில் கட்டினால், வெளியான சோதனைகளில் அது தன் முழு வேலைத்திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கு அருகில் தொடர்ந்து தந்தது. 230இலிருந்து 88க்கு இறங்கும்போது மிச்சம் 142 வாட், மாதம் நூறு யூனிட்டுக்கு மேல். வரைகலை அட்டைக்கும் இதே வழி. ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் உச்சம் 450 வாட். நாள் முழுவதும் விட்டால் அது மட்டுமே மாதம் 324 யூனிட். மின் உச்சவரம்பை எழுபது விழுக்காட்டுக்கு இறக்குவதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், ஓட்டுநர் மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. இந்த ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

“ஒரு நல்ல செயலி எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தும்.”

பொருந்தாது. புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தை 2000இல் ஸ்டான்ஃபர்டில் தொடங்கியவர் விஜய் பாண்டே. அதன் வேலைகளில் வரைகலை அட்டை ஒரு வாட்டுக்கு முடிப்பதை எந்தச் சாதாரணச் செயலியாலும் எட்ட முடியாது. பெரிய பகா எண்களைத் தேடும் பிரைம்கிரிட் போன்றவற்றில் நிறைய கேஷ் நினைவகம் உள்ள செயலி கருக்களின் எண்ணிக்கையை வென்றுவிடும். 2024இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகம் நடத்தும் ரொசெட்டா அட் ஹோம் ஒரு வேலைக்கே ஒரு ஜிகாபைட் வரை நினைவகம் கேட்பதுண்டு. 32 இழைகளை ஓட்ட நினைத்து 16 ஜிகாபைட் போட்டால் பாதி இழைகள் சும்மா இருக்கும்.

பழைய ஆலோசனை இன்னொரு தொல்லை. இரட்டைத் துல்லியக் கணக்குக்காகப் பழைய ரேடியான் அட்டை வாங்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஆலோசனைக்குக் காரணமாக இருந்த மில்கிவே அட் ஹோமின் வரைகலை அட்டை வேலை 2023இல் முடிந்துவிட்டது. 1999இல் தொடங்கிய சேட்டி அட் ஹோம் 2020 மார்ச் மாதத்தோடு வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. முதலில் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அது இப்போது எதைக் கேட்கிறது என்று பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

“வாட்டர் கூலர் போட்டால் அறை சூடாகாது.”

சில்லு குளிரும், அறை குளிராது. இழுத்த ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக் காற்றில்தான் சேரும். 200 வாட் கணினி மணிக்கு ஏறத்தாழ 680 பிடியூ வெப்பத்தை விடுகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அகற்றுவது மணிக்குச் சுமார் 9,000 பிடியூ. சாத்திய படுக்கையறையில் இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் கணினி செலவழிப்பதில் மூன்றில் ஒரு பங்கை ஏர்கோன் கூடுதலாகச் செலவழிக்கும். நாக்கோ சன்னல் திறந்திருக்கும் கூடத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் இல்லாமல் மேசை மீது வைத்தால் அந்தச் செலவு இல்லை. தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள மாடியறை ஆகாது. முன்பக்க வலையில் படியும் தூசியை மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டுங்கள்.

போயிங்க் அமைப்புகளில் ஒரு பொறியும் இருக்கிறது. செயலி நேரத்தை 50 விழுக்காடு என்று குறைத்தால் அது வேலையை வினாடிக் கணக்கில் நிறுத்தி நிறுத்தி ஓட்டும். வெப்பம் ஏறி இறங்கும், விசிறி ஓயாமல் குரல் மாற்றும். அதை 100இலேயே விட்டுவிட்டு, பயன்படுத்தும் கருக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

“பேராக் ஆற்று அணை மின்சாரம்தானே, சுத்தமானது.”

நம் கோலகங்சார் மாவட்டத்தின் சென்டரோ அணை 1930இல், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்க எழுந்தது. அதன் திறன் 40 மெகாவாட் அளவு. இதே பேராக்கில் மஞ்சோங் நிலக்கரி நிலையத்தின் திறன் ஏறத்தாழ 4,000 மெகாவாட். எல்லாம் ஒரே தேசிய வலையில் கலந்துதான் நம் சாக்கெட்டுக்கு வருகிறது. பருவநிலை ஆய்வுக்குக் கணினி கொடுப்பவர் வாட்டைக் குறைக்க இது இன்னொரு காரணம்.

“கணினியை இரவு பகலாக ஓட்டினால் பிட்காயின் வழக்கில் மாட்டிக்கொள்வோம்.”

2021 சூலையில் மிரியில் 1,069 பிட்காயின் இயந்திரங்களைச் சாலை உருளையால் நசுக்கிய காட்சியைப் பார்த்த பெற்றோருக்கு இந்தப் பயம் வருவது நியாயம். அங்கே குற்றம் மின்சாரத் திருட்டு. மீட்டர் வழியாக வரும் மின்சாரத்துக்குக் காசு கட்டி, பல்கலைக்கழக ஆய்வுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.

“இரவில் மின்சாரம் மலிவு.”

பதிவு செய்தால்தான். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேரவாரிக் கட்டணத்தைக் கேட்டு வாங்கலாம். வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை மின்சாரப் பகுதிக்கு 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். கேட்காத வீட்டுக்கு எந்நேரமும் 27.03தான். இடைவிடாமல் ஓடும் கணினிக்குக்கூட இந்த முறை சற்று இலாபம், ஏனென்றால் வாரத்தின் 168 மணியில் விலை கூடியவை 40 மட்டுமே. அந்த எட்டு மணி நேரத்தில்தான் வீடும் அதிகம் கொதிக்கிறது, மாலை இடியும் வருகிறது. போயிங்க் அமைப்புகளில் நாள்வாரி நேர அட்டவணையைத் திறந்து, திங்கள் முதல் வெள்ளி வரை 22:00 முதல் 14:00 வரை என்று போடுங்கள். திட்டங்கள் இடையிடையே சேமித்துக்கொள்வதால் நிறுத்தும்போது போவது பெரும்பாலும் சில நிமிட வேலைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் நாள் முழுவதும் குறைந்த விலை. அன்றும் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால் மின் செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள், மின்னல் இரண்டு வழியிலும் வரும்.