மைதானத்தில் உழைத்தவருக்கும் பேர் போடுவோம்

சிறுவர் ஓட்டப் போட்டிகளில் அன்று ஓடியவர்களையும் உதவியவர்களையும் கௌரவிப்பது பற்றிய ஒரு பாடம்



பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு என்று வந்துவிட்டால் நமது தோட்டங்களில் பிள்ளைகளுக்கு ஓட்டப் போட்டி வைக்கிறோம். பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கிறது. பிள்ளை மடுவத்துச் சின்னஞ்சிறுசுகளுக்கும் பந்து பொறுக்குதல், தவளைப் பாய்ச்சல் என்று ஏதாவது வைக்கிறோம். வென்ற பிள்ளைக்கு ஒரு கோப்பையோ இரண்டு கொப்பியோ கொடுத்துக் கைதட்டி அனுப்புகிறோம். அடுத்த வருடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

போன வருடம் ஓடியது யார்? பதினைந்து வருடத்துக்கு முன்னே ஓடியது யார்? விடியற்காலைப் பனியில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்டது யார்? முடிவுக் கோட்டில் கயிறு பிடித்தது யார்? பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றி, விழுந்த பிள்ளையின் முழங்காலைக் கழுவி விட்டது யார்? கேட்டுப் பாருங்கள். "யாரோ நம்ம பொடியன்மாரு, பொம்பளப் புள்ளைங்க தான் செஞ்சாங்க" என்று பதில் வரும்.

இந்தப் பாடம் அந்த "யாரோ"வைப் பற்றியது.

ஏன் கௌரவிக்க வேண்டும்?

மலையில் கொழுந்து எடுத்தால் செக்ரோலில் பேர் விழுகிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர் என்கிறார்கள். அது சரியோ பிழையோ, ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் மைதானத்தில் உழைத்தவருக்கு அரைப் பேர் கூடக் கிடையாது. அவர் செய்ததை எழுதி வைக்க நம்மிடம் ஒரு புத்தகமும் இல்லை.

இதனால் இரண்டு நட்டங்கள் உண்டாகின்றன.

முதலாவது நட்டம் பிள்ளைகளுக்கு. இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி, ஒரு தாய் மலையேறிப் போகிறார். பன்னிரண்டு வயதில் அவர்தான் அந்த டிவிசனிலேயே வேகமாக ஓடிய பிள்ளை. அது அவருடைய சொந்த மகளுக்கே தெரியாது. "நம்ம புள்ளைக்கு ஓட்டம் எதுக்கு, நாளைக்குக் கொழுந்துக்குத் தானே போவப் போவுது" என்று யாரும் சொன்னால், மகள் அதையே நம்பிவிடுகிறாள். தாய் எப்படி ஓடினாள் என்று தெரிந்த பிள்ளை அப்படி எளிதில் நம்பாது.

இரண்டாவது நட்டம் போட்டிக்கு. அநேகமான தோட்டங்களில் விளையாட்டு விழா என்பது ஓரிரு இளைஞர்களின் தோளில்தான் நிற்கிறது. அவர்கள் கொழும்புக் கடைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால் அந்த வருடம் போட்டி இல்லை. இரண்டு மூன்று வருடம் நின்றால் மைதானத்தில் மாடு மேயும். பிறகு மரக்கறிப் பாத்தி வரும். வேலை தேடிப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குப் பிறகு அந்த வேலையை எடுக்க ஆள் ஏன் வருவதில்லை என்பதே கேள்வி. செய்தவருக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்காததைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் பின்வாங்குவது இயல்பு.

நாடு என்று பார்த்தாலும் பதக்கம் பெற்றவர்கள் நினைவில் நிற்கிறார்கள். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற டங்கன் வைட், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் 200 மீற்றரில் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்க ஆகியோரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பிள்ளையும் பிறந்தவுடன் ஒலிம்பிக்கில் ஓடுவதில்லை. முதலில் ஏதோ ஒரு சின்ன மைதானத்தில், யாரோ போட்ட கோட்டில்தான் ஓடுகிறது.

ஒரு முன்மாதிரி

பழைய பங்குபற்றுநர்களையும் தொண்டர்களையும் மறக்காத ஓர் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் படிப்போம். அதன் பெயர் விசேட ஒலிம்பிக். புத்தி வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நமது லயங்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். போட்டி நடக்கும் நாளில் பலர் அவர்களைக் காம்பராவுக்குள்ளேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே இந்தக் கதை நமக்கு இரண்டு விதத்தில் பயன்படும்.

யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற அம்மையாரின் அக்காவுக்கு இந்தக் குறைபாடு இருந்தது. அந்தக் காலத்தில் இத்தகைய பிள்ளைகளை வெளியில் விட மாட்டார்கள். 1962ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் தமது வீட்டு வளவிலேயே அவர்களுக்காக ஒரு பகல்நேர விளையாட்டு முகாமை அம்மையார் நடத்தினார். பிள்ளைகளோடு கூட நின்று ஓடியவர்கள் பாடசாலை, கல்லூரி மாணவத் தொண்டர்கள்.

இதே காலத்தில் சிக்காகோ நகரப் பூங்காக்களில் ஆன் பேர்க் என்ற இளம் உடற்கல்வி ஆசிரியை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நகரம் முழுவதற்கும் ஒரு போட்டி வைத்தால் என்ன என்று அவர் போட்ட திட்டம் ஷ்ரைவர் அம்மையாரிடம் போனது. 1968 ஜூலை 20ஆம் திகதி சிக்காகோவின் சோல்ஜர் பீல்ட் மைதானத்தில் முதலாவது விசேட ஒலிம்பிக் நடந்தது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் 1,000 பேர் பங்குபற்றினார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் பார்க்க வந்தவர்களோ மிகச் சிலர். இன்று அது 170க்கு மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. பெரியவர்களும் பங்குபற்றுகிறார்கள். இலங்கையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

இந்த அமைப்போடு சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த கௌரவங்களைப் பாருங்கள்.

1995இல் அமெரிக்க அரசு ஷ்ரைவர் அம்மையாரின் முகம் பொறித்த வெள்ளி டொலர் நாணயம் ஒன்றை வெளியிட்டது. 2018இல் 50 வருட நிறைவு சிக்காகோவிலேயே கொண்டாடப்பட்டு, அந்த மைதானத்தின் அருகே ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது. அன்று திட்டம் போட்ட ஆசிரியை ஆன் பேர்க் பிற்காலத்தில் சட்டம் படித்து, 2019இல் இலினோய் மாநில உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரானார். அவ்வளவு பெரிய பதவிக்கு வந்த பிறகும், முதல் போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்றே அவரை அந்த அமைப்பு நினைவுகூருகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிதாக நான் நினைப்பது லொரெட்டா கிளைபோர்ன் என்ற பெண்ணுக்குக் கிடைத்த கௌரவத்தை. பென்சில்வேனியாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு வயது வரை நடக்கவும் பேசவும் இல்லை. கண் பார்வையும் குறைவு. 1970இல் விசேட ஒலிம்பிக்கில் சேர்ந்து ஓடத் தொடங்கிப் பல மரதன் ஓட்டங்களை ஓடி முடித்தார். 1996இல் அமெரிக்காவில் ஆதர் ஆஷ் துணிச்சல் விருது அவருக்குக் கிடைத்தது. அதோடு விட்டுவிடவில்லை. அந்த அமைப்பின் பணிப்பாளர் சபையிலேயே அவருக்கு ஓர் ஆசனம் கொடுத்தார்கள். ஓடிய பிள்ளை தீர்மானம் எடுக்கும் மேசைக்கே வந்தார். அவரைப் போன்ற பழைய பங்குபற்றுநர் பலரை இன்று பயிற்றுநராகவும் நடுவராகவும் மேடைப் பேச்சாளராகவும் பழக்கி எடுக்கிறார்கள்.

இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. முதல் மூன்று பேருக்குப் பதக்கம். நாலாவது முதல் எட்டாவது வரை வருபவர்களுக்கு நாடா. ஓடி முடித்த பிள்ளை எதுவும் மேடை ஏறாமல் வீட்டுக்குப் போவதில்லை.

நமக்குரிய பாடம்

மாலை, பொன்னாடை, புகைப்படம் இவை நல்லவைதான். ஆனால் அதோடு முடிந்தால் அது அரைக் கௌரவம். பேரை எழுதி வைத்து, மைதானத்தில் மறுபடியும் ஓர் இடம் கொடுத்தால்தான் அது முழுக் கௌரவம். நாணயமும் சிலையும் நம்மால் முடியாது. லொரெட்டாவுக்குக் கொடுத்தது போல ஒரு பொறுப்பைக் கொடுக்க எந்தத் தோட்டத்தாலும் முடியும்.

செய்யும் முறை

1. பேர்ப் புத்தகம் ஒன்று தொடங்குங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். வருடம், டிவிசன், பிள்ளையின் பேர், ஓடிய போட்டி என்று கோடு போடுங்கள். எதிர்ப் பக்கத்தில் கோடு போட்டவர், கயிறு பிடித்தவர், நேரம் பார்த்தவர், சமைத்தவர் பேரையும் எழுதுங்கள். பழைய விபரங்களைக் கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் கோவில் திருவிழாக் கூட்டத்திலும் பெரியவர்களிடம் விசாரியுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. பெண்களின் சொந்தப் பேரை எழுதுங்கள். "இன்னாரின் சம்சாரம்", "இன்னாரின் அம்மா" என்று எழுதக் கூடாது. ஓடியபோது அவருக்கு இருந்த பேர் அவருடையதுதான்.

3. கடைசியாக வந்தவரையும் சேருங்கள். வென்றவரை மட்டும் கூப்பிட்டால் அது இரண்டாவது பரிசளிப்பு விழா ஆகிவிடும். ஒவ்வொரு வருடமும் வந்து, ஒரு தடவையும் வெல்லாமல், ஓடி முடித்த பிள்ளைதான் போட்டியைத் தாங்கிய பிள்ளை.

4. நாளைப் பார்த்து வையுங்கள். வேலை நாளில் வைத்து யாருடைய பேரையும் கெடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையோ போயா தினமோ நல்லது. பிள்ளைகளின் கடைசி அஞ்சலோட்டத்துக்கு முன்னே வைத்தால் கூட்டம் கலையாமல் இருக்கும்.

5. பிள்ளைகளே கௌரவிக்கட்டும். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து, அவர் செய்ததை ஒரே வசனத்தில் ஒரு பிள்ளை வாசிக்கட்டும். "2004இல் இரண்டாம் டிவிசனில் 80 மீற்றர் ஓடினார்", "ஆறு வருடம் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்" என்றால் போதும். பிள்ளைகள் தம் கையால் எழுதிய ஒரு வாழ்த்து மடலைக் கொடுக்கட்டும். பிறகு எல்லோரும் பிள்ளைகளின் கையைப் பிடித்து மைதானத்தை ஒரு சுற்று நடந்து வரட்டும்.

6. தூரத்தில் இருப்பவரை விட்டுவிடாதீர்கள். கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருப்பவரின் பேரையும் வாசியுங்கள். தாயோ பிள்ளையோ பெற்றுக்கொள்ளட்டும். காலமானவர்களின் குடும்பத்துக்கும் அப்படியே.

7. அன்றைக்கே ஒரு பொறுப்புக் கொடுங்கள். பழைய ஓட்டக்காரர் ஒருவரைத் தொடக்கத்தில் விசில் ஊதச் சொல்லுங்கள். ஒருவரை முடிவுக் கோட்டில் இடம் பார்க்க விடுங்கள். கோடு போட்டவரிடம் இரண்டு பிள்ளைகளை ஒப்படைத்து, கயிறு கட்டி நேராகக் கோடு போடப் பழக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அவர் இல்லாவிட்டாலும் கோடு விழும்.

தவிர்க்க வேண்டியவை

சம்பளத்தில் பிடித்தோ, லயம் லயமாக வசூலித்தோ செய்ய வேண்டாம். காசு கொடுக்க முடியாத குடும்பம் அன்றைக்கு மைதானத்துக்கே வராது. முன் வரிசை நாற்காலி யாருக்கு, எந்தச் சங்கத்து ஆளுக்கு முதல் மாலை என்ற சண்டைக்கு இடம் வைக்க வேண்டாம். பேர்ப் புத்தகத்தில் உள்ள வருட வரிசைப்படியே கூப்பிட்டால் யாருக்கும் மனக்குறை வராது. நீண்ட பேச்சு வேண்டாம். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். விசேட தேவையுள்ள பிள்ளையை மேடையில் நிறுத்தி "பாவம்" என்று சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளையும் ஓடியது. மற்றவர்களைப் போலவே பேர் சொல்லுங்கள். மேடைக்கு வரக் கூச்சப்படுபவரை இழுத்து வராமல், இருந்த இடத்துக்கே பிள்ளைகளை அனுப்பி மடலைக் கொடுங்கள்.

கூடிப் பேசுங்கள்

மாதர் சங்கம், இளைஞர் கழகம், கோவில் கமிட்டி கூடும்போது இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. நமது டிவிசனில் கடந்த 20 வருடத்தில் பிள்ளைகளின் போட்டிக்கு உதவிய ஐந்து பேரைச் சொல்ல முடியுமா? அதில் பெண்கள் எத்தனை பேர்?

2. போட்டி நாளில் காம்பராவிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் யார்? அவர்களை எப்படி அழைத்து வரலாம்?

3. இந்த வருடம் பழைய ஓட்டக்காரர் யாருக்கு என்ன பொறுப்புக் கொடுக்கலாம்?

4. பேர்ப் புத்தகம் யாரிடம் இருக்க வேண்டும்? அவர் தோட்டத்தை விட்டுப் போனால் யாரிடம் கொடுப்பது?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமது பெரியவர்கள் சொன்னார்கள். நமது பிள்ளைகளின் ஓட்டத்துக்கு உப்பிட்டவர்கள் பலர். அவர்கள் அநேகர் இன்றும் பக்கத்து லயத்திலேயே இருக்கிறார்கள். இந்த வாரமே ஒரு கொப்பி வாங்கி முதல் பேரை எழுதுங்கள்.