கேட்பவரின் தகுதியும் சொல்பவரின் பொறுப்பும்

ஒரே மீனைத் தாய் தன் குழந்தைகளுக்கு வெவ்வேறு விதமாகச் சமைத்துத் தருகிறாள்: ஒருவனுக்குப் புலவு, வயிறு நலிந்தவனுக்கு வெறும் சாறு. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய இவ்வுவமை அன்பர்கள் நன்கறிந்ததே. சாஸ்திரங்கள் இதனை 'அதிகாரி பேதம்' என்கின்றன. கீதையின் மூன்றாம் அத்தியாயம் (3.26) இதனோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறது. கர்மத்தில் பற்றுள்ள எளியோரின் புத்தியை அறிஞன் கலக்கிவிடலாகாது. தானும் யோகத்தில் நின்று கர்மங்களைச் செவ்வனே ஆற்றி, அவர்களையும் ஆற்றச் செய்ய வேண்டும். சுலோகத்தின் முற்பாதி மேடைகளில் பெரிதும் பேசப்படுகிறது. பிற்பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இக்கோட்பாடு நடைமுறையில் எத்தகைய சோதனைகளுக்கு உள்ளாகும் என்பதைப் பிற சமயத்தார் வரலாற்றிலிருந்து பயில்வது நன்று. சொந்த விருப்பு வெறுப்புகள் அங்கே குறுக்கிடுவது குறைவு. கிறிஸ்தவ சமயத்தின் பாரத வரலாறு, அதிலும் பெங்களூருவில் நிகழ்ந்த பகுதி, இதற்கு மிகவும் ஏற்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) அந்தந்த நாட்டுப் பண்பாட்டை மதிக்குமாறு கத்தோலிக்கத் திருச்சபையைப் பணித்தது. அதன் பயனாக 1967-இல் பெங்களூருவில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவன இயக்குநர் அமலோர்பவதாஸ் அடிகளார் (1932–1990), தமிழ்நாட்டில் பிறந்து பாரிஸில் பயின்றவர். வழிபாட்டில் 12 மாற்றங்களைச் செய்துகொள்ள 1969-இல் ரோமாபுரியின் இசைவு கிடைத்தது. முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்கலாம், தரையில் அமரலாம், காலணிகளை வெளியே விடலாம், மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம். கோயிலுக்குச் சென்று பழகிய எவருக்கும் இவை இயல்பானவையே. தேவாலயத்திற்குள் அன்று இவை பெரும் புயலைக் கிளப்பின.

எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. அம்மூன்றும் வெவ்வேறு காரணங்களால் எழுந்தவை என்பதே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது.

முதலாவது, திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தது. தலைமுறை தலைமுறையாக முழந்தாளிட்டு ஜபித்த பக்தர்கள், தங்கள் வழிபாடு பறிபோவதாக வருந்தினர். கற்றறிந்தோரின் சீர்திருத்தம் எளியோரின் பக்தியைக் கலக்கியது. கீதை எச்சரித்தது இதைத்தான். இரண்டாவது, இந்துக்களிடமிருந்து வந்தது. காவியும் ஆசிரமமும் ஆரத்தியும் மதமாற்றத்திற்கான வேடங்களோ என்று அவர்கள் ஐயுற்றனர். சீதாராம் கோயல் 1988-இல் இதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். அந்த ஐயத்தை வெறும் காழ்ப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பிறர் புனிதமாகக் கருதும் சின்னத்தை எடுத்தாள்பவர், அதைப் புனிதமாகவே மதிக்கிறாரா, அல்லது தூண்டிலாகக் கொள்கிறாரா என்று கேட்பதற்குச் சின்னத்திற்கு உரியவர்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவதே மிக ஆழமானது. பாரதக் கிறிஸ்தவர்களில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள். சம்ஸ்கிருத மந்திரமும் ஆகமச் சின்னங்களும் தங்களை வாசலில் நிறுத்திய பண்பாட்டைச் சேர்ந்தவை அல்லவா என்று அவர்கள் வினவினர். அதே பெங்களூருவில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் 1981-இல் ஆற்றிய உரை, தலித் இறையியலுக்குத் தொடக்கமாக அமைந்தது. 'இந்தியப் பண்பாடு' என்று ஒருமையில் கூறும்போது யாருடைய பண்பாடு விடுபட்டுப்போகிறது என்ற வினா அப்போது உரத்து ஒலித்தது.

இவ்வினாவுக்கு ஒரு பழைய பின்னணியும் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்குலத்தாருக்கென்று சந்நியாசி வாழ்வை மேற்கொண்டார். பின்னர் ஏனைய குலத்தாருக்கெனப் 'பண்டாரசாமிகள்' என்ற தனிக் குருமார் ஏற்பட்டனர். இதுவும் அதிகாரி பேதம் போலவே தோன்றும். ஆனால் தாய் பார்ப்பது குழந்தையின் வயிற்றை. இங்கே பார்க்கப்பட்டது பிறந்த குலம். மனப்பக்குவத்திற்குரிய சொல்லைப் பிறப்புக்கு உரியதாக்கிய பிழை நம் மரபிலும் நிகழ்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோஃபிலஸ் அப்பாவு (பறட்டை) வேறு வழியைக் காட்டினார். வழிபாட்டை நாட்டுப்புற மெட்டிலும் பறையிசையிலும் அமைத்த அவர், ஒரே உலையில் சமைத்து அனைவரும் கூடி உண்பதை வலியுறுத்தினார். ஸ்ரீராமகிருஷ்ணரின் தாயும் இந்தப் பொது உலையும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றலாம். தாய் பதார்த்தங்களைத்தான் வேறுபடுத்தினாள்; பந்தியை அல்ல.

அமலோர்பவதாஸரின் பிற்கால வாழ்வு கீதைச் சுலோகத்தின் பிற்பாதிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. பெங்களூரு நடுவத்தின் பொறுப்பிலிருந்து விலகிய அவர், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் கற்பித்தார். சாமுண்டி மலையடிவாரத்தில் 'அஞ்சலி ஆசிரமம்' அமைத்து அங்கேயே வாழ்ந்தார். 1990 மே மாதம் சாலை விபத்தில் காலமானார். வழிபாட்டு விதியாகப் பிறருக்குச் சொன்ன தியானத்தையும் எளிமையையும் தாமே அன்றாடம் கைக்கொள்ள முயன்ற ஆண்டுகள் அவை. அவர் நோக்கத்தை ஏற்காதவர்களும் இந்த முயற்சியை எடைபோட்டே பேச வேண்டியிருக்கும்.

ஒரே நாளில் கணினி நிறுவன ஊழியரிடமும், கூலித் தொழிலாளரிடமும், ஓய்வுபெற்ற ஆசிரியரிடமும் பேச நேரும் தொண்டர், மொழியையும் உதாரணத்தையும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றத்தான் வேண்டும். எனினும் முதலாமவரிடம் சொன்னதை இரண்டாமவர் ஒட்டுக்கேட்டால், தம்மிடம் மறைக்கப்பட்டது ஏதேனும் அதில் இருந்ததென்று அவர் எண்ணுவாரா? இவ்வார சத்சங்கத்தில் அன்பர்கள் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராயலாம்.