பனிக்கடலில் உழைக்கும் ஈஸ்ட்

செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஜாசின் சாலையில் விரைவதைப் பார்த்திருப்பீர்கள். அறுத்த குலையைத் தாமதிக்காமல் ஆலையில் சேர்க்கத் தோட்டங்களில் ஏன் இவ்வளவு அவசரம்? பழத்துக்குள்ளேயே லிப்பேஸ் என்ற நொதியம் இருக்கிறது. பழம் அடிபட்டு நசுங்கியதும் அது எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றத் தொடங்கிவிடும்; எண்ணெயின் தரம் இறங்கிவிடும். ஆலையில் குலைகளை முதலில் நீராவியில் அவிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். சூடு பட்டால் அந்த நொதியம் செயலிழந்துவிடும்.

சூட்டில் நொதியம் கெடும், குளிரில் மந்தமாகும். படிவம் 4 உயிரியலில் படித்திருப்பீர்கள். மாவுச்சத்துக் கரைசலில் அமிலேஸ் நொதியத்தைக் கலந்து பனிக்கட்டி நீரில் வைத்தால், அயோடின் சொட்டு விட்டதும் கருநீலம் வெகுநேரம் மாறாமல் நிற்கும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. 35 பாகையிலிருந்து 5 பாகைக்கு இறங்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அப்படியானால், எப்போதும் பனி சூழ்ந்த அண்டார்டிகாவில் நுண்ணுயிர்கள் எப்படிச் சாப்பிட்டு, வளர்ந்து, பெருகுகின்றன?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் நாட்டு அறிவியலாளர்களும் உண்டு. அண்டார்டிகாவில் கேசி ஆய்வுநிலையத்துக்கு அருகே, கடல்பனியிலிருந்து ஓர் ஈஸ்ட் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் பெயர் கிளாசியோசைமா அண்டார்டிகா பிஐ12. அதன் மரபணுத்தொகுதியை மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய ஜீனோம் கழகம் முதலியவற்றின் ஆய்வாளர்கள் படித்து, 2018இல் கட்டுரையாக வெளியிட்டனர். ஏறத்தாழ 7,850 மரபணுக்கள் அதில் இருப்பதாகக் கணித்தார்கள். இந்த ஈஸ்ட் 12 பாகை செல்சியஸ் வாக்கில் நன்றாக வளரும். 20 பாகையைத் தாண்டினால் வளராது. நம் வகுப்பறையில் மின்விசிறிக்கு அடியில் வைத்தால்கூட அதற்குத் தாங்காது!

இதுபோன்ற உயிரிகளின் நொதியங்களில்தான் இரகசியம் இருக்கிறது. நொதியம் என்பது மடிந்து சுருண்ட புரதச் சங்கிலி. அதன் பகுதிகளை ஒன்றோடொன்று கட்டி வைக்கும் பிணைப்புகள் பல. வினை நடக்க வேண்டுமானால் அந்த உருவம் சற்றே அசைந்து கொடுக்க வேண்டும். பாடநூலில் வரும் பூட்டும் சாவியும் படத்தைப் பார்த்து நொதியத்தை இரும்புப் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சப்பாத்தி மாவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகப் பிசைந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இறுகிவிடும், உருட்ட வராது. தளரப் பிசைந்த மாவு குளிரிலும் வளைந்து கொடுக்கும். குளிர்விரும்பி உயிரிகளின் நொதியங்களில் பிணைப்புகள் குறைவு; தளர்ந்த மாவைப் போல அவை குளிரிலும் அசையும். ஆனால் தளர்ந்த மாவு வெயிலில் என்ன ஆகும்? உருக்குலைந்துவிடும். இந்த நொதியங்களும் அப்படித்தான், மிதமான சூட்டிலேயே கெட்டுப்போகும்.

தொழிற்சாலைக்கு இந்தப் பலவீனமும் இலாபமே. பழச்சாற்றின் கலங்கலை நீக்கப் பெக்டினேஸ் நொதியம் சேர்ப்பார்கள். குளிரில் வேலை செய்யும் பெக்டினேஸ் கிடைத்தால் சாற்றைச் சூடாக்க வேண்டாம். மணம் பறக்காது, கிருமியும் எளிதில் பெருகாது. வேலை முடிந்ததும் இலேசாகச் சூடு காட்டினால் நொதியம் அடங்கிவிடும். சலவைத்தூளிலும் இதே எண்ணம்தான்: குளிர்ந்த நீரிலேயே கறை போனால் நீரைச் சூடாக்கும் மின்சாரம் மிச்சம். குழாய் நீரிலேயே துணி துவைக்கும் நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. குளிர்நாடுகளில் அது பெரிய செலவு.

சரி, 20 பாகை தாங்காத ஈஸ்டை இந்த வெயில் நாட்டில் எப்படிப் பெருமளவில் வளர்ப்பது? அதற்கும் வழி இருக்கிறது. தேவையான மரபணுவை மட்டும் எடுத்து, சாதாரணச் சூட்டில் வளரும் இன்னோர் ஈஸ்டுக்குள் செலுத்திவிடுகிறார்கள். இறால் ஓட்டிலுள்ள கைட்டினை உடைக்கும் கைட்டினேஸ் என்னும் நொதியத்தை, பிஐ12இன் மரபணுவைக் கொண்டு பிக்கியா என்ற ஈஸ்டில் நம் ஆய்வாளர்கள் இப்படித்தான் உருவாக்கினார்கள்.

ஆனால் குளிரிடத்திலிருந்து வந்ததெல்லாம் குளிரை விரும்பும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அண்டார்டிகாவின் வாண்டா ஏரியில் கிடைத்த கேண்டிடா அண்டார்டிகா என்ற ஈஸ்டின் லிப்பேஸ் பி, 60 பாகைச் சூட்டிலும் சளைக்காமல் உழைக்கும்! தொழில்துறையில் மிகப் புகழ்பெற்ற நொதியங்களில் இதுவும் ஒன்று. சிறு பிளாஸ்டிக் மணிகளில் ஒட்டவைத்து அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கொழுப்பு அமிலத்தையும் ஆல்கஹாலையும் இணைத்து, முகப்பூச்சுகளில் சேரும் எஸ்டர்களை அது தயாரித்துக் கொடுக்கும். புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பனை எண்ணெயிலிருந்தே இத்தகைய எஸ்டர்களைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆலையில் லிப்பேஸ் எண்ணெயைக் கெடுக்கும் எதிரி. இங்கே அதே வகை நொதியம் அந்த எண்ணெயின் மதிப்பைக் கூட்டுகிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று சிறு புட்டிகளில் ஒரே அளவு நீர், சீனி, ரொட்டி ஈஸ்ட் போட்டு, வாயில் பலூனை மாட்டுங்கள். ஒன்றைப் பனிக்கட்டி நீரிலும், ஒன்றை மேசைமீதும், ஒன்றை வெதுவெதுப்பான நீரிலும் வையுங்கள். அரைமணி நேரத்தில் எந்தப் பலூன் முதலில் உப்புகிறது? பிறகு பனிக்கட்டியில் இருந்த புட்டியை எடுத்து மேசைமேல் வைத்துக் காத்திருங்கள். அதுவும் மெல்ல உப்பினால், குளிர் அந்த ஈஸ்டைக் கொல்லவில்லை, மந்தப்படுத்தியது மட்டுமே என்று பொருள். இதே மூன்று புட்டிகளில் பிஐ12 இருந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதி, உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.