கடைசி அறுபது கிலோமீட்டர்

திருவண்ணாமலைக்கு வர நினைக்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "எங்க ஊர்ல இருந்து நேரா வண்டி இருக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வியே அவர்களை அலைய வைக்கிறது என்பது என் அனுபவம் சொல்லும் முடிவு. இந்த ஊருக்கு விமான நிலையம் இல்லை. ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அது விழுப்புரம் – காட்பாடி ஒற்றைப் பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தடத்திலும் இந்த ஊர் இல்லை, பெங்களூருக்குப் போகும் தடத்திலும் இல்லை. தெற்கே விழுப்புரம், வடக்கே காட்பாடி என இரண்டு பெரிய சந்திப்புகளில் நூற்றுக்கணக்கான ஊர்களின் ரயில்கள் நின்று போகின்றன. அவற்றுக்கு நடுவில் மலையும் கோயிலும் தனியே நிற்கின்றன. எனவே நேர் வண்டியைத் தேடுவதைவிட, கடைசி அறுபது எழுபது கிலோமீட்டரை எந்த ஊரிலிருந்து எந்த வேளையில் கடக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதை முடிவு செய்த பிறகு, அங்கிருந்து பின்னோக்கி நம் வீட்டு வாசல் வரை திட்டம் போட வேண்டும்.

இந்தக் கடைசிப் பகுதியைச் சரியாகத் தெரிந்துகொள்ளாததால் வரும் சிரமத்துக்கு, இந்த ஊரின் வரலாற்றிலேயே ஒரு பயணம் சாட்சி. 1896 ஆகஸ்ட் 29 அன்று, பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட பதினாறு வயது வேங்கடராமன் மதுரையை விட்டுக் கிளம்பினார். கையில் இருந்தது 3 ரூபாய். பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகே உள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று எண்ணி, அதுவரைக்கும் 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிப் பக்கம் ரயில் பாதை அதற்கு முன்பே வந்துவிட்டது. அந்த வரைபடத்தில் அது ஏறவில்லை. ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்பதே தெரிந்தது. மிச்சமிருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைக்கும்தான் ஆயிற்று. அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, திருக்கோவிலூரில் மறுபடி ரயிலேறி, செப்டம்பர் 1 அன்று காலை வந்து சேர்ந்தார். மதுரையிலிருந்து விழுப்புரம் வரையிலான நெடுந்தொலைவு அவருக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. நடையும் பசியும் அடகும் எல்லாம் கடைசி அறுபது கிலோமீட்டரில்தான். இன்றைக்கும் இங்கே வருகிறவர்களின் சங்கடங்களில் பெரும்பகுதி அதே தூரத்துக்குள் நடப்பதாகவே நான் காண்கிறேன்.

சரி, எந்தச் சந்திப்பைத் தேர்ந்தெடுப்பது? தொலைவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஊரில் திருவண்ணாமலைப் பேருந்து புறப்படுகிறதா, வழியில் வந்து நின்றுவிட்டுப் போகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விழுப்புரத்திலும் வேலூரிலும் திருவண்ணாமலைக்கென்றே பேருந்துகள் கிளம்புகின்றன. காலியான வண்டியில் ஏறலாம், வயதானவர்களை ஜன்னலோரம் உட்கார வைக்கலாம், மூட்டையை வைக்க இடம் கிடைக்கும். திண்டிவனத்தில் பெரும்பாலும் சென்னையிலிருந்து நிரம்பி வரும் வண்டிதான் கிடைக்கும். செஞ்சி வரைக்குமாவது நின்றுகொண்டு போகத் தயாராக இருக்க வேண்டும். மதுரை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு விழுப்புரம் இயல்பான இடம். தென்தமிழகத்து விரைவு வண்டிகளோடு, 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை – திருநெல்வேலி வந்தே பாரத்தும் அங்கே நிற்கிறது. விழுப்புரம் ரயில் நிலையமும் புதிய பேருந்து நிலையமும் ஒரே இடத்தில் இல்லை. நடுவில் ஆட்டோவோ நகரப் பேருந்தோ பிடிக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். கேரளம், கோவை, ஆந்திரம், வட இந்தியா ஆகிய திசைகளிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்பாடி நல்லது. அங்கே இறங்கி, வேலூர்ப் பேருந்து நிலையத்துக்கு வந்து, போளூர் வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஊர் சேரலாம். பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக நேர்ப் பேருந்தே போதும்.

சென்னைக்காரர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள்: கிளாம்பாக்கத்தில் ஏறினால் ஒரே பேருந்தில் வந்துவிடலாமே, விழுப்புரம் எதற்கு? சாதாரண நாட்களில் அவர்கள் சொல்வது சரி. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, வண்டலூருக்குத் தெற்கே வசிப்பவர்களுக்கு இது இன்னும் எளிதாகிவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையும் பண்டிகைக்கு முந்தைய இரவும் வேறு கணக்கு. சென்னையிலிருந்து செங்கல்பட்டைத் தாண்டும் வரைக்கும் சாலை நெரிந்துபோகிறது. அன்றைக்குப் பேருந்தின் நேரம் அந்த முப்பது நாற்பது கிலோமீட்டரிலேயே கரைகிறது. அப்படிப்பட்ட நாளில் தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கி, அங்கே கிளம்பும் பேருந்தில் வருவது நிச்சயமான வழி. விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் போய்விடலாம். நகரத்துக்குள் எழும்பூர் வரைக்கும் போய் மறுபடி அதே வழியில் தெற்கே திரும்புவது வீண் அலைச்சல்.

வரைபடத்தில் புதுச்சேரி விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. தூரம் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், உண்மை. ஆனால் சிறிய விமான நிலையங்களின் சேவை நிலையாக இருப்பதில்லை. புதுச்சேரியில் 2024 மார்ச்சில் நின்றுபோன விமானங்கள் அந்த ஆண்டு டிசம்பரில்தான் மறுபடி வந்தன. அன்றைய நிலையைப் பார்த்துக்கொண்டு பயன்படுத்தலாம். அதையே நம்பித் தேதி குறிக்கக் கூடாது. வேறு ஊரில் இறங்கி வர வேண்டியிருப்பது நம் ஊருக்கு மட்டும் உள்ள நிலைமை அல்ல. தாய்லாந்தில் மேகோங் ஆற்றங்கரையில், லாவோஸ் நாட்டுச் சவன்னகேத்துக்கு எதிரே இருக்கும் முக்தாகான் ஒரு மாகாணத் தலைநகரம். அங்கே விமான நிலையம் கிடையாது, ரயிலும் இன்னும் எட்டவில்லை. உபோன் ராட்சதானியிலோ நக்கோன் பனோமிலோ விமானத்தில் இறங்கி, வேனிலோ பேருந்திலோ போகிறார்கள். தாய்லாந்தின் மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள், விமானச் சீட்டோடு கடைசித் தூரத்துக்கான வேன் இருக்கையையும் சேர்த்தே விற்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. பயணி இரண்டு வண்டிக்கும் நடுவே தானாக அல்லாடாமல் பார்த்துக்கொள்வது விற்பவர் பொறுப்பாகிவிடுகிறது.

நேர் ரயிலே கிடையாதா என்றால், உண்டு. ராமேசுவரம் – திருப்பதி விரைவு வண்டி வாரத்தில் சில நாட்கள் இந்த ஊர் வழியாகப் போகிறது. உங்கள் தேதியோடு பொருந்தினால் அதைவிடச் சுகமான வழி வேறு இல்லை. 2024 மே மாதம், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிய வண்டியைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். 17 ஆண்டுகளுக்குப் பிறகு சென்னைக்கு நேர் ரயில், அப்போது கட்டணம் 50 ரூபாய். ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொடங்கியபோது வைத்த நேரப்படி அது மாலை 6 மணிக்குக் கிளம்பி நள்ளிரவில் வந்து சேர்கிறது. திரும்பும் வண்டி விடியற்காலை 4 மணிக்கு. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை அந்த நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடித்துவிட்டு ஓடிப்போய் ரயிலைப் பிடிப்பது இளைஞர்களுக்கே கடினம், முதியவர்களுக்கு ஆகவே ஆகாது. அந்த ரயிலில் வந்தால், திரும்புவதற்குப் பேருந்தை வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புதுப்பாதை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டம் 2006-07 ரயில்வே பட்ஜெட் காலத்திலிருந்து பேச்சில் இருக்கிறது. அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும், நானும் கொடுக்கிறேன். ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு வருகிறவர்கள் இருக்கிற பாதையை வைத்துத்தான் திட்டமிட முடியும்.

பௌர்ணமி என்றதும் கணக்கு முழுவதும் மாறுகிறது. லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று அதற்கும் பல மடங்கு. அந்த நாட்களில் பேருந்து ஊருக்குள் வராது. திருவண்ணாமலைக்குள் ஒன்பது சாலைகள் வந்து சேர்கின்றன: வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி. தீபத் திருவிழாவின்போது இந்தச் சாலைகளில் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போடுகிறார்கள். எந்தத் திசையிலிருந்து வந்தீர்களோ அந்தச் சாலையில் இறக்கிவிடுவார்கள். திரும்பும் வண்டியும் அங்கேயிருந்துதான். கிரிவலம் ஒரு வட்டம் என்பதால், நடந்து முடிக்கும்போது களைப்பில் திசை தெரியாமல் போகிறது. எத்தனையோ பேர் வேலூர்ச் சாலைக்குப் போக வேண்டியவர்கள் செங்கம் சாலையில் நின்று விசாரிப்பதை ஒவ்வொரு தீபத்துக்கும் காணலாம். ஆகவே இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, சாலையின் பெயரை ஒரு தாளில் எழுதிக் குழுவில் ஒவ்வொருவர் பையிலும் போட்டு வைப்பது. பேருந்து எண் மாறும், சாலை மாறாது. கைப்பேசியை நம்பாதீர்கள், அந்தக் கூட்டத்தில் அலைவரிசை கிடைப்பதே அரிது. கூடவே இன்னொன்று: கிரிவலத்தை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், தொடங்கிய இடத்தில் முடித்தால் போதும். ராஜகோபுரத்தில்தான் தொடங்க வேண்டும் என்று முதியவர்கள் பிடிவாதம் பிடிக்காவிட்டால், இறங்கிய சாலை கிரிவலப் பாதையைத் தொடும் இடத்திலேயே தொடங்கி அங்கேயே முடிக்கலாம். இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதல் நடை மிச்சமாகும்.

இவ்வளவு கணக்கு எதற்கு, ஒரு கார் எடுத்தால் தீர்ந்தது என்பது வலுவான மறுப்பு. கைக்குழந்தையோ நடக்க முடியாத பெரியவரோ உடன் வந்தால், சாதாரண நாளில் கார்தான் சரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பௌர்ணமியன்று காரும் ஊருக்கு வெளியே நிறுத்துமிடத்தில்தான் நிற்கும். பேருந்தில் வந்தவர்கள் நடக்கும் தூரத்தைக் காரில் வந்தவர்களும் நடக்கத்தான் வேண்டும். அதைவிட முக்கியமானது ஓட்டுநரின் தூக்கம். சொந்தக் காரில் வருகிறவர் பகலெல்லாம் வேலை பார்த்து, மாலையில் ஓட்டி வந்து, இரவு முழுக்க 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு, விடியற்காலையில் திரும்பவும் ஓட்டுகிறார். திண்டிவனம் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை லாரிகளும் பேருந்துகளும் வேகமாக எதிரே வரும் சாலை. 2023 அக்டோபரில் செங்கம் பகுதியில் ஒரே மாதத்தில் இரண்டு பெரிய விபத்துகளில் காரில் போன பலர் இறந்தார்கள். காரில்தான் வருவேன் என்றால், நடக்காத ஒருவர் ஓட்டட்டும். இல்லையென்றால் காலையில் ஒரு நான்கு மணி நேரம் தங்கித் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். அறை வாடகை அன்றைக்குக் கூடுதலாகத்தான் இருக்கும், இருந்தாலும் கொடுக்கலாம்.

கடைசித் தூரத்தை முதலில் திட்டமிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரு வழி அடைபட்டால் மறுவழி கையில் இருக்கும். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 2 அன்று, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் சென்னை – விழுப்புரம் ரயில் போக்குவரத்து நின்றது. தென்பெண்ணை வெள்ளத்தால் அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் துண்டிக்கப்பட்டது. விழுப்புரத்தை மட்டுமே அறிந்தவர்கள் அப்படிப்பட்ட நாளில் நடுவழியில் நிற்பார்கள். கார்த்திகை மழைக்காலம், தீபமும் அதே மாதம். அந்தப் பருவத்தில் வருகிறவர்கள் காட்பாடி – வேலூர் வழியையும் எழுதி வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

புதிய பாதைக்கு நிலம் வேண்டும், கோடிகள் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். அரசு மனம் வைத்தால் அடுத்த மாதமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. விழுப்புரம், காட்பாடி ரயில் நிலைய வாசல்களில் முக்கிய வண்டிகள் வந்து சேரும் நேரத்துக்கு ஒரு திருவண்ணாமலைப் பேருந்து காத்து நிற்கட்டும். ரயில் தாமதமானால் அந்தப் பேருந்தும் தாமதமாகவே கிளம்பட்டும். ரயில் சீட்டு எடுக்கும்போதே அந்தப் பேருந்து இருக்கையையும் எடுக்கும்படி செய்யட்டும். தண்டவாளம் போட வேண்டியதில்லை, ஒரு சென்ட் நிலம்கூட எடுக்க வேண்டியதில்லை. ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து கால அட்டவணையை ஒத்துப்பார்த்தால் போதும். முதலில் பௌர்ணமிக்காவது இதைச் செய்யுங்கள்.