சென்சஸ் கணக்கில் செய்தி எடுக்கலாம் வாங்க!

நோட்டும் பேனாவுமாக ஊர் ஊராகப் போய்ச் செய்தி சேகரிக்கும் நண்பர்களே! காசு செலவழித்து சர்வே எடுக்க எல்லாப் பத்திரிகைக்கும் வசதி இருக்காது. ஆனால் அரசாங்கமே வீடு வீடாக எண்ணி, அட்டவணை போட்டு, இலவசமாகத் தந்திருக்கிறது. அதை வீணாக்காமல் பயன்படுத்தச் சில குறிப்புகள்.

1. வேலை குறைவான ஒரு நாளில், சென்சஸ் இணையதளத்திலிருந்து உங்கள் மாவட்டக் கையேட்டை இறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிராமத்தில் பள்ளி இருக்கிறது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பஸ் வருமா என்பதெல்லாம் அதில் ஊர்வாரியாகக் கிடைக்கும். அவசரத்துக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் அலைச்சல் மிச்சம்.

2. எக்செல் அட்டவணையைத் திறந்ததும் கூட்டல் போட்டுவிடாதீர்கள். மாநிலம், மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ஒவ்வொன்றுக்கும் மொத்தம், கிராமப்புறம், நகர்ப்புறம் என்று தனித்தனி வரிசையும் உண்டு. வேண்டியதை மட்டும் ஃபில்டர் போட்டு எடுத்தால், ஒரே ஆளைப் பல தடவை எண்ணாமல் தப்பிக்கலாம்.

3. கணக்கு எந்தத் தேதிக்கானது என்பதைச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். 2021-ல் வரவேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனதால், நம் கையில் இருக்கும் முழுக் கணக்கு 2011 மார்ச் 1-ஆம் தேதியுடையது. 'தமிழ்நாட்டில் இன்று 7.21 கோடிப் பேர்' என்று எழுதாமல், 'இருந்தனர்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

4. முதலில் தற்காலிகக் கணக்கு வரும், பிறகு இறுதிக் கணக்கு வரும். 2011-ல் தமிழ்நாட்டுக்கு முதலில் 7,21,38,958 என்றார்கள். இறுதியில் 7,21,47,030 ஆனது. ஃபைலின் பெயரிலேயே 'இறுதி' என்று சேர்த்து வைத்தால் இரண்டும் கலக்காது.

5. எழுத்தறிவு சதவீதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். குழந்தைகளையும் சேர்த்து மொத்த மக்கள்தொகையால் வகுத்தால், தமிழ்நாட்டின் 80 சதவீதம் 72 பக்கம் இறங்கிவிடும். 0-6 வயதுக்காரர்களைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள், விடை சரியாக வரும்.

6. தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001-ல் 73.45, 2011-ல் 80.09. இது 6.64 சதவீதப் புள்ளி உயர்வு. 'சதவீத உயர்வு' என்று எழுத வேண்டுமானால் அது சுமார் 9. தலைப்பு போடுமுன் இந்த ஒரு வார்த்தையைச் சரிபார்த்தால் மறுநாள் திருத்தம் போட வேண்டியிருக்காது.

7. மாநில சராசரியோடு நிற்காதீர்கள். அட்டவணையை ஏறுவரிசையில் அடுக்கி இரண்டு முனைகளையும் பாருங்கள். 2011-ல் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் தமிழ்நாட்டில் 996, நீலகிரியில் 1,042, தருமபுரியில் 946. எங்கே போய் விசாரிப்பது என்று இப்போதே தெரிந்துவிட்டதல்லவா!

8. பாலின விகிதம் பார்க்கும்போது 0-6 வயதுக் குழந்தைகளுக்கான எண்ணைத் தனியாக எடுங்கள். மொத்தத்தில் 996 காட்டும் தமிழ்நாடு, குழந்தைகளில் 943-தான். 2001-ல் சேலம் மாவட்டத்தில் அது 851; பெண்சிசுவுக்கு நடக்கும் கொடுமையை மறைக்காமல் சொல்லும் எண் இதுதான்.

9. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசிக்கோ கள்ளக்குறிச்சிக்கோ தனிக் கணக்கு வேண்டுமென்றால், பழைய திருநெல்வேலி, விழுப்புரம் பட்டியலிலிருந்து கிராமங்களை எடுத்துக் கூட்டுங்கள். ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், சென்சஸ் தந்த கிராமக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடினால் நேரம் மிச்சம்.

10. சென்னைக்கு 46.46 லட்சம் என்பது 2011-ல் இருந்த மாவட்டத்துக்கான கணக்கு. அப்போது பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். பிறகு மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய எல்லைக்குள் எண்ணிய ஆட்களைப் புதிய பரப்பால் வகுத்தால் நெரிசலே இல்லாத சென்னை கிடைக்கும், ஜாக்கிரதை!

11. பஞ்சாயத்தாக இருக்கும் ஊரையும் சென்சஸ் 'நகரம்' என்று எண்ணியிருக்கலாம். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். நகரமாகிவிட்ட ஊரில் சாக்கடையும் குப்பை வண்டியும் வந்ததா என்று கேட்டாலே நல்ல ஸ்டோரி.

12. வீட்டு வசதி அட்டவணைகள் குடும்பக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல. 2011-ல் இந்தியாவில் 63.2 சதவீதக் குடும்பங்களிடம் போன் இருந்தது. வீட்டிலேயே கழிப்பறை இருந்ததோ 46.9 சதவீதத்துக்குத்தான். இப்படி இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தலைப்பு தானே வந்துவிடும்.

13. பெரிய எண்ணை நாள் கணக்காக வகுத்துச் சொன்னால் வாசகருக்குச் சட்டென்று உறைக்கும். 1991-லிருந்து 2011-க்குள் முழுநேர விவசாயிகள் சுமார் 1.5 கோடி குறைந்ததை, நாளொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2013-ல் எழுதியது நாட்டையே பேசவைத்தது. வருடத்தில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர் முதன்மைத் தொழிலாளர், குறைவாகப் பார்ப்பவர் குறுந்தொழிலாளர். எந்தக் கணக்கை எடுத்தீர்கள் என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

14. ஒரு மொழிக்கான மொத்தத்தை எழுதுமுன் அதன் கீழே எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2011-ல் இந்திக்குக் காட்டிய 52.8 கோடியில் போஜ்புரி மட்டுமே 5 கோடிக்கு மேல்.

15. வயது அட்டவணையில் 30, 35, 40 வயதுக்காரர்கள் திடீரென்று அதிகமாகத் தெரிந்தால் புதுச்செய்தி கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். சரியான வயது தெரியாதவர்கள் 0, 5 என்று முடியும்படி சொல்வது வழக்கம். ஐந்தைந்து வயதுத் தொகுப்பாக எடுத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு அடங்கிவிடும்.

16. சின்ன ஊருக்குச் சதவீதம் போடாதீர்கள். 4 பட்டதாரிகள் 8 ஆனால் '100 சதவீத வளர்ச்சி' என்பதைவிட, 'நாலு பேர் எட்டு பேரானார்கள்' என்பதுதான் உண்மையாகவும் அழகாகவும் இருக்கும்.

17. இல்லாததைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வருமானத்தைச் சென்சஸ் கேட்பதில்லை. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931-ல்தான், அடுத்து 2027 கணக்கில்தான் வரப்போகிறது.

18. கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர்தான், தெரிந்தவராகவும் இருப்பார். அதற்காகத் தனி ஒரு வீட்டின் படிவத்தைக் கேட்டு அவரைத் தர்மசங்கடப்படுத்தாதீர்கள்; 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ரகசியம். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் மக்கள் கதவைத் திறந்து பதில் சொல்கிறார்கள்.

19. எண் என்பது உப்பு மாதிரி, பத்திக்கு ஒன்று போதும். மிச்சத்தைப் பெட்டிச் செய்தியில் போடுங்கள். பிறகு அந்த எண்ணோடு ஊருக்குப் போய், திண்ணையில் இருக்கும் பெரியவர்களிடமும் குழாயடியில் நிற்கும் பெண்களிடமும் சொல்லிப் பாருங்கள். காரணத்தை அவர்களைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது.

20. அடுத்த கணக்கு 2027 மார்ச் 1-ஐ வைத்து எடுக்கப்படுகிறது. இப்போதே உங்கள் ஊருக்கு 2001, 2011 எண்களை எழுதி, 2027-க்கு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அட்டவணை தயார் செய்துகொள்ளுங்கள். முடிவு வெளியாகும் அன்று கட்டத்தை நிரப்பினால் போதும், ஊரைப் பற்றிய முதல் செய்தி உங்களுடையதாக இருக்கும்!