வியன்னாவில் முதல் ஓபரா: புதிதாய்ப் போகும் பிள்ளைகளுக்கு

படிப்புக்கும் வேலைக்கும் வியன்னா வந்து சேரும் நம் பிள்ளைகள் பலர், அரசு ஓபரா அரங்கின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே டிராம் ஏறிவிடுகிறார்கள். கேட்டால் அது பணக்காரர்களுக்கு என்கிறார்கள், மொழி புரியாது என்கிறார்கள். இரண்டும் சரியில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு மனிதக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டறிய உலகில் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் இது ஒன்று. அதைக் கேட்கத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

1. அன்றைக்கு என்ன டிக்கெட் கிடைத்ததோ அதற்குப் போகாதீர்கள். முதல் ஓபராவை நீங்களே தேர்ந்தெடுங்கள். என் வாக்கு புச்சீனியின் 'லா போயெம்' நாடகத்துக்குத்தான். 1896இல் இத்தாலியின் டூரின் நகரில் அரங்கேறியது. நான்கு அங்கங்கள், இசை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அரசர் இல்லை, தேவதை இல்லை. பாரிஸில் மாடி அறை ஒன்றில், குளிருக்கு அடுப்பெரிக்கக்கூட விறகில்லாத நான்கு இளைஞர்கள். அவர்களில் கவிஞனான ரொடோல்ஃபோ, பூத்தையல் செய்து பிழைக்கும் மிமி என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவளுக்குக் காசநோய். இவ்வளவுதான் கதை. வாடகை கட்ட முடியாமல் வெளியூரில் அறை பகிர்ந்து தங்கியிருக்கும் எவருக்கும் இது அந்நியமாக இருக்காது. 'லா போயெம்' கிடைக்காவிட்டால் 'டோஸ்கா', 'கார்மென்', அல்லது வெர்தியின் 'லா டிராவியாட்டா'. வாக்னரை இப்போது தொடாதீர்கள். அவருடைய 'நிபெலுங்கின் மோதிரம்' நான்கு இரவுகளில் ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடும். மகத்தான படைப்புதான். ஆனால் காது பழகிய பிறகு போனால்தான் அதன் அருமை தெரியும்.

2. கதையை முடிவு வரை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்பது சினிமா பழக்கிய எண்ணம். நம் பாட்டன் பாட்டிமார் 'வள்ளி திருமணம்' பார்க்கப் போனபோது முருகன் வள்ளியை மணப்பானா என்ற சந்தேகத்தோடு போகவில்லை. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் எப்படிப் பாடப் போகிறார்கள் என்று கேட்கப் போனார்கள். ஓபரா ரசிகரும் அப்படித்தான். மிமி சாகப்போகிறாள் என்பது அரங்கில் இருக்கும் அனைவருக்கும் தெரியும்.

3. முழு நாடகத்தையும் முன்கூட்டியே கேட்டுக் களைத்துப்போக வேண்டாம். முதல் அங்கத்தின் கடைசிக் கால்மணி நேரத்தை மட்டும் நாலைந்து தடவை கேளுங்கள். கரயான் நடத்தி, பவரொட்டியும் மிரெல்லா ஃப்ரேனியும் பாடி 1972இல் பதிவான இசைத்தட்டு எளிதில் கிடைக்கும். மெழுகுவத்தி அணைகிறது, சாவி தொலைகிறது, இருட்டில் இருவரும் தரையைத் தடவித் தேடுகையில் கைகள் படுகின்றன. உன் கை இப்படிச் சில்லிட்டிருக்கிறதே என்று அவன் பாடத் தொடங்குகிறான். அந்த மெட்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அங்கத்தில் மிமி படுக்கையில் கிடக்கும்போது அவை நொறுங்கிய துண்டுகளாக இசைக்குழுவில் திரும்பி வரும். அந்த இடத்தில் நீங்கள் அழுதால் மொழி தெரியாதது ஒரு பொருட்டே இல்லை என்று புரிந்துகொள்வீர்கள்.

4. காசு. இந்த அரங்கில் நூற்றுக்கணக்கான நிற்கும் இடங்கள் உண்டு. உணவகத்தில் ஒருவேளை சாப்பிடும் செலவில் உள்ளே போய்விடலாம். தரைத்தளத்தில், நடு மாடத்துக்கு நேர் கீழே இருக்கும் நிற்குமிடத்துக்கு முயலுங்கள். மேடைக்கு நேர் எதிரே, பெரும் பணம் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குச் சற்றே பின்னால் நிற்பீர்கள். அது கிடைக்காவிட்டால் மேல்மாடத்தின் நடுப்பகுதி; அங்கே ஒலி நன்றாகவே வந்து சேரும். ஓரங்களில் நின்றால் பாதி மேடை மறைந்துவிடும். கையில் ஒரு கழுத்துத் துணி கொண்டுபோங்கள். உங்கள் இடத்துக் கம்பியில் அதைக் கட்டிவிட்டு வெளியே போய் வரலாம்; கட்டிய துணியை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். எத்தனையோ தலைமுறை மாணவர்கள் காத்துவந்த வழக்கம் அது, நீங்களும் மதியுங்கள். காலுக்கு இதமான செருப்போ ஷூவோ போடுங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

5. மொழிக்குப் பயப்படாதீர்கள். உங்கள் முன்னால் சின்னத் திரை இருக்கும். ஜெர்மன், ஆங்கிலம் முதலிய மொழிகளில் வரிகள் ஓடும். ஆனால் கண்ணை அதிலேயே நட்டுவிடக் கூடாது. கதை தெரிந்து போனவர் எப்போதாவது ஒருமுறை பார்த்தால் போதும்.

6. குரலுக்கு வருகிறேன். பாடகரின் சட்டையில் மைக் கிடையாது. எதிரே குழிக்குள் அறுபது எழுபது பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள். வியன்னா பில்ஹார்மோனிக்கின் கலைஞர்கள் இந்த அரங்கின் இசைக்குழுவிலிருந்து வருகிறவர்கள்தான். அவ்வளவு வாத்தியங்களையும் தாண்டி ஒரு தனிக்குரல் கடைசி வரிசைக்கு எப்படி வருகிறது? சுவீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை விளக்கியிருக்கிறார். இசைக்குழுவின் ஒலி வலு பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அருகே குவிந்திருக்கிறது. பயின்ற பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தொண்டையின் அமைப்பைச் சற்று மாற்றி 3,000 ஹெர்ட்ஸ் அருகே தன் குரலுக்குக் கூடுதல் வலு ஏற்றுகிறார். அங்கே வாத்தியங்கள் மெலிந்திருக்கின்றன. நம் காது கூர்மையாக இருக்கிறது. அதனால் கத்தாமலே கேட்கிறது. இதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஆகவே உரத்த சுரங்களை மட்டும் எதிர்பார்த்து நிற்காதீர்கள். பாடகர் குரலைத் தணித்து, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பாடும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சன்னக் குரலும் உங்களிடம் முழுதாக வந்து சேரும். நல்ல பாடகரை நான் அங்கேதான் கண்டுகொள்கிறேன்.

7. உடைக்குப் பட்டுப்புடவையும் சரி, இஸ்திரி போட்ட சட்டையும் சரி. அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம். கோட்டை உடைகாப்பறையில் கொடுத்துவிடுங்கள்.

8. தாமதமாகப் போகாதீர்கள், கதவு சாத்தினால் இடைவேளை வரை திறக்காது. முன்னதாகவே போய்ப் படிக்கட்டையும் முகப்பு மண்டபத்தையும் நிதானமாகப் பாருங்கள். 1869இல் மொஸார்ட்டின் 'டோன் ஜொவான்னி'யோடு திறந்த அரங்கம் இது. 1945 மார்ச் 12 அன்று குண்டு விழுந்து மேடையும் பார்வையாளர் கூடமும் எரிந்தன. முகப்பும் பெரிய படிக்கட்டும் பிழைத்தன. சோற்றுக்கே தட்டுப்பாடான அந்த ஆண்டுகளில் இந்த ஊர்க்காரர்கள் ஓபரா அரங்கைத் திரும்பக் கட்டத் தொடங்கி, 1955 நவம்பர் 5 அன்று பேத்தோவனின் 'ஃபிடேலியோ'வோடு திறந்தார்கள். இங்கே மக்கள் ஏன் இவ்வளவு அமைதியாக உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது உங்களுக்கு அப்போது விளங்கும்.

9. அந்த அமைதியைக் கெடுக்காதீர்கள். போனை அணைத்துவிடுங்கள், அதன் வெளிச்சமும் ஆகாது. கூடவே முனகுவது, தொடையில் தாளம் தட்டுவது நம் சபாக்களில் ரசிகருக்கு அழகு, இங்கே அடுத்தவருக்கு இடைஞ்சல். கைதட்ட வேண்டிய இடம் தெரியாவிட்டால் மற்றவர்கள் தட்டட்டும் என்று காத்திருங்கள். கால் வலித்தால் இடைவேளையில் கிளம்புவதில் தவறில்லை, நடு அங்கத்தில் வேண்டாம். ஆனால் 'லா போயெம்' பார்க்கிறீர்கள் என்றால் கிளம்பவே கிளம்பாதீர்கள். மிமி இறந்ததை முதலில் கவனிப்பவன் அவள் காதலன் அல்ல, ஷோனார் என்ற நண்பன். இசைக்குழு அதற்கு முன்பே நமக்குச் சொல்லிவிடும். ரொடோல்ஃபோவுக்குத்தான் கடைசியில் தெரியும். அந்தச் சில நிமிடங்களுக்காக எத்தனை மணி நேரமும் நிற்கலாம்.

10. இலங்கையில் நடக்கும் ஓபரா ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு அதைத் தேடிப் போவீர்கள். பிஸே தம் 24ஆம் வயதில் எழுதி, 1863இல் பாரிஸில் அரங்கேறிய 'முத்துக் குளிப்பவர்கள்' அது. மன்னார்க் கடலை எதிர்பார்க்காதீர்கள். அது பாரிஸ்காரர்கள் கற்பனை செய்த இலங்கை. ஆனாலும் இரண்டு நண்பர்கள் சேர்ந்து பாடும் பாட்டுக்காகக் கேட்கலாம், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ.

11. முதல் இரவு ஒன்றும் பிடிபடாவிட்டால் உங்கள் மேல் குறை இல்லை, ஓபரா மேலும் இல்லை. அதே நாடகத்துக்கு இன்னொரு தடவை, வேறு பாடகர் பாடும் நாளில் போங்கள். ஒரே பாட்டை இரண்டு தொண்டைகள் எவ்வளவு வேறாகப் பாடுகின்றன என்று காது கண்டுகொண்டுவிட்டால், பிறகு யாரும் உங்களை அழைக்க வேண்டியிருக்காது. செப்டம்பரிலிருந்து ஜூன் வரை ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் திரை ஏறுகிறது. இந்த மாத நிகழ்ச்சி நிரலை இன்றே எடுத்துப் பாருங்கள்.