சுற்றுச்சூழல் பட்டங்கள்: ஊதியமும் கல்விக் கடனும்

புனே நகரையொட்டி முளா ஆற்றங்கரையில் அமைந்துள்ள கட்கி, 1869-இல் தொடங்கப்பெற்ற வெடிமருந்துத் தொழிற்சாலையால் பெயர் பெற்ற கண்டோன்மென்ட் பகுதியாகும். எதிர்க்கரையில், தாபோடியருகே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியைக் கடந்து வரும் பவனா ஆறு முளாவில் கலக்கிறது. சுற்றுச்சூழல் பயின்றோர்க்கு இங்கு வேலை இருக்கிறது என்பதைக் காட்ட வேறு சான்று தேவையில்லை. ஆனால், அவ்வேலைக்குக் கிடைக்கும் ஊதியம் படிப்பிற்காக வாங்கிய கடனைத் தாங்குமா என்பது தனி வினா.

கட்கியைச் சேர்ந்த மாணவி ஒருவர் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பிற்கு ஆண்டுக்கு 2 இலட்சம் வீதம் 4 இலட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. எனினும் தனிவட்டி சேர்ந்துகொண்டே வரும். முதல் தவணையின்போது கடன் 5 இலட்சமாகியிருக்கும். அதனைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 6,600 ரூபாய் தேவை. மாத ஊதியம் 20,000 ஆயின், மூன்றில் ஒரு பங்கு கடனுக்கே போய்விடும். 40,000 ஆயின் ஆறில் ஒரு பங்கு. ஆகவே பட்டங்களை ஒப்பிடுவோர் ஊதியத்தை மட்டும் நோக்காது, தவணை போக எஞ்சுவதை நோக்குதல் வேண்டும்.

இவ்வொப்பீட்டிற்குரிய விவரங்கள் எளிதிற் கிட்டுவதில்லை. அமெரிக்க அரசு, மாணவர் கடனையும் பட்டதாரிகளின் வருவாயையும் கல்லூரி வாரியாக மட்டுமன்றி, 2019 முதல் பாடத்துறை வாரியாகவும் வெளியிட்டு வருகிறது. நம் நாட்டில் தேசியத் தரவரிசைக்காக நிறுவனங்கள் இடைநிலை ஊதியத்தைத் தெரிவிக்கின்றன. ஆனால் அது படிப்பின் கால அளவை ஒட்டியது. இரண்டாண்டு முதுகலைப் படிப்புகள் யாவும் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. வணிகவியலும் சுற்றுச்சூழலும் கலந்த அந்த எண் நம் மாணவிக்கு எவ்வகையிலும் பயன்படாது. துறைத் தலைவரிடமே, சென்ற மூன்றாண்டுகளில் எத்தனை பேர் எங்கே வேலை பெற்றனர் என்று கேட்பதே வழி.

பட்டத்தின் பெயரும் ஏமாற்றக்கூடும். சுற்றுச்சூழல் பொறியியல் கற்றவர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் பணிக்குச் செல்லலாம். அறிவியல் கற்றவர்க்கு ஆய்வுக்கூடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடும் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவை உள்ளன. இந்நிறுவனங்கள் காற்று, நீர், உயிர்ச்சூழல் எனத் தனித்தனித் துறை வல்லுநர்களைக் காட்டவேண்டும். எனவே பொதுப்பட்டத்தினும் ஒரு பிரிவில் பெற்ற தேர்ச்சிக்கே அங்கு மதிப்பு.

கடனைப் பொறுத்தவரை, 7.5 இலட்சம் ரூபாய் வரை பிணையின்றிப் பெற 2015-இல் உத்தரவாத நிதி ஏற்படுத்தப்பட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 இலட்சத்திற்கு மேற்படாதோர்க்குத் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை ஏற்கும் மானியத் திட்டம் 2009-இல் வந்தது. அது தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கென வகுக்கப்பட்டது, எம்.எஸ்ஸி. அதில் அடங்குமா என்பதைக் கையொப்பமிடுமுன் வங்கியில் கேட்டுத் தெளிதல் நன்று. அடங்கினால், மேற்கூறிய கணக்கில் ஓர் இலட்சம் குறையும்.

விடுதிச் செலவும் கடனில் சேர்வதை மறக்கலாகாது. கட்கியினின்று கணேஷ்கிண்ட் பல்கலைக் கழகம் அண்மையிலேயே உள்ளது. வீட்டிலிருந்தே சென்றுவந்து, கடனை 2 இலட்சத்தில் நிறுத்த இயலுமாயின், மாதத் தவணை 3,300 ரூபாயாகும்.